தாயைக் காட்டுங்கள்!

வீட்டிலேயே குட்டி எடுத்து விற்கிறவர்களுக்கும் அரசுப் பதிவு கட்டாயம் என்று விதி வந்தது 2017-ல். அந்தப் பதிவு ஏன் இன்னும் வீட்டு வாசலுக்கு வந்து சேரவில்லை?

“லேப் குட்டிகள் விற்பனைக்கு. 40 நாள் ஆச்சு. முதல் ஊசி போட்டாச்சு. வீட்டில் வளர்ந்தவை. டோர் டெலிவரி உண்டு.”

இந்த மாதிரி விளம்பரம் வந்து விழாத செல்போன் இன்று தமிழ்நாட்டில் குறைவு. வாட்ஸ்அப் குழு, இன்ஸ்டாகிராம், பழைய பொருள் விற்கும் ஆப் என எதைத் திறந்தாலும் கண்ணில் படுகிறது. படத்தில் நாலைந்து குட்டிகள் ஒரு துண்டின் மேல் உருண்டுகொண்டிருக்கும். பார்த்ததும் மனசு இளகிவிடும். அந்த விளம்பரத்தை விதிப்புத்தகத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 40 நாள் குட்டியை விற்கவே கூடாது. எட்டு வாரம், அதாவது 56 நாள் முடிந்திருக்க வேண்டும். விற்பவரின் பதிவு எண் எங்கேயும் இல்லை. மைக்ரோசிப் பற்றிப் பேச்சே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் குட்டிகளைப் பெற்ற தாய் படத்தில் இல்லை.

நாய் விற்பனை பற்றிய விதிகள் எல்லாமே அந்தத் தாயைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அதற்கு எத்தனை வயது, எத்தனையாவது ஈத்து, போன ஈத்துக்கும் இதற்கும் எவ்வளவு இடைவெளி, யார் பரிசோதித்தார்கள் என்பதைத்தான் அவை கேட்கின்றன. வாங்க வருகிறவர்களும், லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரிகளும் அந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை.

வீட்டு பிரீடர் யார்?

பெரிய நாய்ப் பண்ணை (கெனல்) வைத்துத் தொழிலாக நடத்துகிறவர்களை விட்டுவிடுவோம். இங்கே நாம் பேசுவது ஒன்றிரண்டு பெட்டை நாய்களை வீட்டில் வைத்து, வருஷத்துக்கு ஒரு முறையோ இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையோ குட்டி எடுக்கிறவர்களைப் பற்றி. இவர்களில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் இருக்கிறார், ஐ.டி. வேலையில் இருக்கும் தம்பதி இருக்கிறார்கள், தாத்தா காலத்திலிருந்து வேட்டை நாய் வளர்க்கும் சாத்தூர்ப் பக்கத்து விவசாயியும் இருக்கிறார். நாய் ஹீட்டுக்கு, அதாவது இணைசேரும் பருவத்துக்கு, வந்ததும் தெரிந்தவரிடம் இருக்கும் நல்ல ஆண் நாயோடு சேர்ப்பார்கள். அதற்குக் கூலியாகப் பணம் கொடுப்பார்கள், இல்லையென்றால் பிறந்ததில் ஒரு குட்டியைக் கொடுப்பார்கள். சுமார் 63 நாள் கழித்துக் குட்டி பிறக்கும்.

உண்மையான அக்கறையோடு செய்கிறவர் வீட்டில் அந்த இரவு எப்படி இருக்கும் தெரியுமா? இரண்டு நாளாகவே தெர்மாமீட்டரும் கையுமாக இருப்பார்கள். நாயின் உடல் சூடு ஒரு டிகிரி போல இறங்கினால் நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். நாய் சாப்பாட்டைத் தொடாது. விரித்த செய்தித்தாளைக் காலால் பிறாண்டும், மூச்சிரைக்கும். ஒவ்வொரு குட்டியாக வரும்போது அதைச் சுற்றியிருக்கும் பையைத் தாய் நக்கிக் கிழிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிழிக்காவிட்டால் நாம் கிழித்து, மூக்கைத் துடைத்து, துணியால் தேய்த்து மூச்சு வரவைக்க வேண்டும். தொப்புள் கொடியை நூல் கட்டி வெட்ட வேண்டும். அடுத்த சில வாரங்கள் சமையலறைத் தராசில் தினமும் குட்டிகளின் எடை பார்ப்பார்கள். எடை ஏறாத குட்டியை மற்றவற்றுக்கு முன்னால் மடியில் சேர்ப்பார்கள். பால் கொடுக்கும் தாய்க்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்து இழுப்பு வருகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிப்பார்கள். குட்டி விற்ற பிறகும், வாங்கிப் போனவர் நள்ளிரவில் போன் செய்தால் எடுத்துப் பேசுவார்கள்.

அதே தெருவில், மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு, கூண்டுக்குள் அடைத்த நாய்களை ஹீட்டுக்கு ஹீட் விடாமல் சேர்க்கிறவரும் இருக்கலாம். பெட்டை நாய்க்குச் சுமார் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஹீட் வரும். ஒவ்வொரு முறையும் குட்டி எடுத்தால் தாயின் உடம்பு தேறவே நேரம் கிடைக்காது. முடி கொட்டி, மடி தொங்கி, எலும்பு தெரிய நிற்கும் அந்தத் தாயை வாங்க வருகிறவர் யாரும் பார்ப்பதில்லை. குட்டியை மட்டும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து பேருந்து நிலையத்திலோ சாலை ஓரத்திலோ கொடுத்துவிடுகிறார்கள்.

இரண்டு பேருடைய விளம்பரத்திலும் “வீட்டில் வளர்ந்தவை” என்றே இருக்கும். இவர்களில் யார் எப்படிப்பட்டவர் என்று வெளியே இருப்பவருக்குப் பிரித்துக் காட்டத்தான் லைசென்ஸ் என்ற ஒன்று தேவைப்படுகிறது.

விதி என்ன சொல்கிறது?

விலங்குகளுக்கான இன்றைய சட்டம் இந்த நாட்டில் பிறந்ததற்கு ஒரு தமிழகப் பெண்மணியின் உழைப்பே முக்கியக் காரணம். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகத்தான் 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் அவர் தலைமையில் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியம் பல பத்தாண்டுகள் சென்னையிலிருந்தே இயங்கியது.

நாய் இனப்பெருக்கத்தையும் செல்லப்பிராணிக் கடைகளையும் முறைப்படுத்த வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015-ல் தன் 261-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2017 மே மாதம், 1960-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கான விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. அவற்றின் சாரம் இதுதான்:

குறிப்பிட்ட இன நாய்களை வைத்துக் குட்டி எடுத்து விற்கும் எவரும் பிரீடர்தான். தனிநபர், குழு என்ற வித்தியாசம் இல்லை. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் ரூ.5,000. பதிவு இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். சான்றிதழை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டி வைக்க வேண்டும்.

பெட்டை நாய்க்குக் குறைந்தது 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், எட்டு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. சேர்ப்பதற்கு முன் கால்நடை மருத்துவர் பார்த்து, நாய் ஆரோக்கியமாக இருக்கிறது என்று சான்று தர வேண்டும். நெருங்கிய இரத்த உறவுள்ள நாய்களைச் சேர்க்கக் கூடாது. குட்டிக்கு எட்டு வாரம் முடிந்து, மைக்ரோசிப் பொருத்திய பிறகுதான் விற்க வேண்டும். யாருக்கு எதை விற்றோம் என்ற பதிவேடு இருக்க வேண்டும்.

எட்டு வாரம் என்ற கணக்குக்குக் காரணம் இருக்கிறது. கூடப் பிறந்தவற்றோடு கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. அதைக் கற்காமல் 35, 40 நாளில் பிரிந்து வரும் குட்டி, பிற்காலத்தில் பயந்த நாயாகவோ கடிக்கிற நாயாகவோ மாறும் வாய்ப்பு அதிகம். இன்னொன்று நோய். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஆறாவது வாரத்திலிருந்து இறங்கத் தொடங்குகிறது. ஒரே ஒரு தடுப்பூசியோடு, சந்தையிலும் வண்டியிலும் அலைக்கழிந்து வரும் குட்டிக்குப் பார்வோ வைரஸ் தொற்றினால் சில நாளில் வாந்தி, பிறகு துர்நாற்றத்தோடு ரத்தப்போக்கு. ஆசையாக வாங்கிய குட்டியைப் பிள்ளைகள் பெயர் வைத்துக் கூப்பிடத் தொடங்கிய அதே வாரத்தில் டிரிப்ஸ் ஏற்ற மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் குடும்பங்கள் எத்தனையோ.

ரூ.5,000 கட்டணம், ரூ.100 அபராதம்

இவ்வளவு தெளிவான விதி இருந்தும் வீட்டு பிரீடர்களில் பலர் ஏன் பதிவு செய்வதில்லை?

முதல் காரணம், நாம் பிரீடர் என்ற எண்ணமே பலருக்கு இல்லை. “எங்க வீட்டு நாய் குட்டி போட்டது, நாலு பேருக்குக் கொடுத்தோம்” என்பார்கள். கொடுத்ததற்குப் பணம் வாங்கியிருப்பார்கள். விதியோ எத்தனை நாய், எத்தனை ஈத்து என்று கீழ் வரம்பு எதையும் வைக்கவில்லை. ஒரே ஒரு பெட்டை நாயை வைத்திருப்பவருக்கும், முப்பது கூண்டு வைத்திருப்பவருக்கும் அதே விண்ணப்பம், அதே ரூ.5,000, அதே ஆய்வு. ஒரு ஈத்தில் மூன்று குட்டி விற்கிறவர் இதைப் பார்த்ததும் ஒதுங்கிவிடுகிறார்.

இரண்டாவது, ஒரு குழப்பம். “எங்க நாய்க்குப் பேப்பர் இருக்கு” என்று பலர் சொல்வார்கள். அந்தப் பேப்பர் இந்திய கெனல் கிளப் தருவது. 1896-ல் தொடங்கி சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் அந்த அமைப்பு, நாயின் தாய் தந்தை யார், வம்சாவளி என்ன என்பதைப் பதிவு செய்கிறது. நல்ல இனத் தொடர்ச்சிக்கு அது அவசியம்தான். ஆனால் அது அரசு லைசென்ஸ் ஆகாது. தாய் நாய் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அந்தப் பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

மூன்றாவது காரணம்தான் மனதை மிகவும் உறுத்துகிறது. 1960-ம் ஆண்டுச் சட்டத்தின் 38-வது பிரிவின் கீழ் போடப்பட்ட விதிகளை மீறினால் அதிகபட்ச அபராதம் ரூ.100. மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம் என்று இருக்கிறது. பதிவை ரத்து செய்யலாம், இடத்தைச் சீல் வைக்கலாம், நாய்களைக் கைப்பற்றலாம் என்றும் விதிகள் இடம் தருகின்றன. ஆனால் ஒருவர் வீட்டுக்குள் நடப்பதை யாராவது போய்ப் பார்த்தால்தானே இதெல்லாம்? அறுபது ஆண்டுக்கு முன் எழுதிய நூறு ரூபாயை இன்றைய குட்டி வியாபாரி ஒரு பொருட்டாகவே நினைக்க மாட்டார். ஒழுங்காகப் பதிவு செய்கிறவர் ரூ.5,000 கட்டுகிறார், செய்யாதவருக்கு இழப்பு எதுவும் இல்லை. இந்த ஏற்பாடு நல்லவரைத் தண்டிக்கிறது. இது அநியாயம்.

இனத்தைத் தடுத்தால் தீருமா?

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. நகரமே பதறியது. நாய் வளர்ப்பவர் மாநகராட்சியிடம் வாங்க வேண்டிய செல்லப்பிராணி லைசென்ஸ் என்று ஒன்று இருப்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதற்கு முன்பே, 2024 மார்ச்சில், பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 இன நாய்களை வளர்க்கவும் விற்கவும் தடை விதிக்கும்படி மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ரத்து செய்தன. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் போட்ட உத்தரவு நிற்கவில்லை.

அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கையை வெளியிட்டது. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், அலாஸ்கன் மலமூட், திபெத்திய மாஸ்டிஃப், சௌ சௌ, பக், பிரெஞ்சு புல்டாக் உள்ளிட்ட 11 இனங்கள் நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராதவை, அவற்றை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. கெனல் கிளப் உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் அக்கறை நியாயமானது. சென்னையில் மே மாதப் பிற்பகலில் ஒரு பக் நாயைப் பாருங்கள். முகம் தட்டையாக இருப்பதால் மூச்சுக்குழாய் வழி குறுகியிருக்கும். மூச்சு விடும்போது குறட்டை போல் சத்தம் வரும். நாக்கு நீலம் பாய்ந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. புல்டாக் இனங்களில் குட்டியின் தலை பெரியது, தாயின் இடுப்பு சிறியது. அதனால் பல தாய்களுக்கு அறுவை சிகிச்சை செய்துதான் குட்டியை எடுக்க வேண்டியிருக்கிறது. படத்தில் அழகாகத் தெரியும் அந்த முகத்துக்காகத் தாயும் குட்டியும் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இருந்தாலும், எந்த இனம் என்பதை மட்டும் பார்க்கும் சட்டம் பாதி வேலையைத்தான் செய்யும். கொட்டகைக் கூண்டில் பயந்து வளர்ந்த தாய்க்குப் பிறந்து, ஐந்து வாரத்தில் பிரிக்கப்பட்ட குட்டி எந்த இனமாக இருந்தாலும் நம்பிப் பழக முடியாத நாயாக வளரலாம். கடிக்கும் நாயைத் தடுக்கும் வேலை, அது பிறந்த இடத்திலேயே தொடங்க வேண்டும்.

ராஜபாளையத்தைக் காப்பாற்றுவது யார்?

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நான்கும் நம் மண்ணின் நாய்கள். ராஜபாளையத்துக்கு 2005-ல் அஞ்சல் தலை வெளியானது. ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. இந்தப் பெருமைகளுக்குப் பின்னால் இருப்பவர்கள் யார்? விருதுநகர், தூத்துக்குடி, தேனி மாவட்டங்களில் ஒன்றிரண்டு நாயை வைத்துத் தலைமுறையாகக் காப்பாற்றி வரும் சாதாரண மனிதர்கள்.

அரசும் முயன்று பார்த்தது. கால்நடை பராமரிப்புத் துறை சைதாப்பேட்டையில் நடத்திய நாய் இனப்பெருக்கப் பிரிவில் இந்த நாட்டு இனங்களும் வளர்க்கப்பட்டன. அங்கே நாய்கள் வைக்கப்பட்டிருந்த நிலை பற்றி விலங்கு நல அமைப்புகள் வழக்குத் தொடுத்து, உயர் நீதிமன்றத் தலையீட்டில் அது மூடப்பட்டது.

எனவே நாட்டு இனங்களின் எதிர்காலம் இன்று வீட்டு பிரீடர்கள் கையில்தான் இருக்கிறது. அவர்களுக்கும் ஒரு கஷ்டம் உண்டு. நல்ல ரத்தம் என்று தேடித் தேடி ஒரே வட்டாரத்துக்குள் சேர்த்ததால் உறவு நெருங்கிவிடுகிறது. முழு வெள்ளை நிறத்துக்காகப் பொறுக்கிச் சேர்க்கும் ராஜபாளையத்தில் காது கேளாத குட்டிகள் பிறக்கின்றன. இவர்களுக்குத் தேவை பயமுறுத்தும் நோட்டீஸ் இல்லை. எந்த நாயை எதோடு சேர்த்தால் உறவு விலகும் என்று சொல்லக்கூடிய ஒரு பொதுப் பதிவேடும், ஒரு கால்நடை மருத்துவரின் துணையும்தான். முறையான பதிவு இருந்தால் அந்தத் தகவல் தானாகவே சேர்ந்துவிடும்.

இங்கிலாந்தில் கவுன்சில் என்ன செய்கிறது?

முறையான பதிவு எப்படி இயங்கும் என்பதற்கு இங்கிலாந்து ஓர் உதாரணம். அங்கே நாய் பிரீடர் லைசென்ஸைத் தருவது உள்ளாட்சி அமைப்பான கவுன்சில்தான். 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, 12 மாதத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஈத்து எடுத்து விற்கிறவர் லைசென்ஸ் வாங்க வேண்டும். அதற்குக் குறைவாக எடுத்தாலும், அதைத் தொழிலாகச் செய்கிறார் என்றால் வாங்க வேண்டும். எப்போதோ ஒருமுறை வீட்டில் குட்டி எடுக்கிறவரையும் வியாபாரியையும் பிரிக்க ஒரு கோடு இருக்கிறது. முதல் முறை விண்ணப்பிக்கும்போது கால்நடை மருத்துவரோடு போய்ப் பார்க்கிறார்கள். தரத்துக்கு ஏற்ப ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் தருகிறார்கள். நன்றாக நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை லைசென்ஸ், சுமாராக இருப்பவருக்கு ஓராண்டு. விளம்பரத்தில் லைசென்ஸ் எண் இருக்க வேண்டும்.

அதோடு 2020 ஏப்ரலில் ‘லூசி சட்டம்’ வந்தது. லூசி என்பது வேல்ஸில் ஒரு குட்டித் தொழிற்சாலையிலிருந்து மீட்கப்பட்ட கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் இனத் தாய் நாய். கூண்டிலேயே இருந்து முதுகெலும்பு வளைந்துபோன நாய் அது. அதன் பெயரால் வந்த அந்த மாற்றத்தின்படி, ஆறு மாதத்துக்குக் குறைவான குட்டியை இடைத்தரகர் விற்க முடியாது. வளர்த்தவரிடமே போக வேண்டும், பிறந்த இடத்தில், தாயோடு இருக்கும்போது குட்டியைப் பார்க்க வேண்டும்.

நம் மாநகராட்சிகள் செய்யக்கூடியது

நம்மிடமும் அதற்கான அடித்தளம் இருக்கிறது. சென்னை மாநகராட்சி ஆண்டுக்கு ரூ.50 கட்டணத்தில் ஆன்லைனிலேயே செல்லப்பிராணி லைசென்ஸ் தருகிறது. 2025-ல் மைக்ரோசிப்பைக் கட்டாயமாக்கி, தன் சிகிச்சை மையங்களில் இலவசமாகப் பொருத்தியது. லைசென்ஸ் இல்லாவிட்டால் ரூ.5,000 அபராதம் என்று அறிவித்தபோது அந்த மையங்களின் வாசலில் வரிசை நீண்டது. வீட்டருகே வசதி இருந்து, அபராதமும் நிஜமாக இருந்தால் மக்கள் வருவார்கள் என்பதற்கு இதுவே சாட்சி.

வளர்க்கிறவருக்கு மாநகராட்சி, குட்டி எடுத்து விற்கிறவருக்கு மாநில வாரியம் என்று இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. இவை ஒன்றோடொன்று பேச வேண்டும். அதற்கு நான்கு காரியங்கள் போதும்.

ஒன்று, செல்லப்பிராணி லைசென்ஸ் விண்ணப்பத்திலேயே “இந்த நாயிடம் குட்டி எடுக்கப் போகிறீர்களா?” என்ற கேள்வியைச் சேர்க்க வேண்டும். ஆம் என்றால் வாரியப் பதிவும் அதே இடத்தில் தொடங்கட்டும். ராஜபாளையம் நகராட்சியிலும் இது நடக்க வேண்டும்.

இரண்டு, ஈத்து எண்ணிக்கையைப் பொறுத்துக் கட்டணம். ஆண்டுக்கு ஓர் ஈத்து எடுக்கிறவருக்குச் சிறு கட்டணம், எளிய படிவம். கூண்டு வரிசை வைத்திருப்பவருக்கு முழுக் கட்டணம், முழு ஆய்வு. தாயின் நலனுக்கான நிபந்தனைகள் மட்டும் இருவருக்கும் ஒன்றே.

மூன்று, தாயின் சிப் எண்ணோடு ஒவ்வொரு குட்டியின் சிப் எண்ணையும் இணைக்க வேண்டும். அப்போது ஆறாவது ஈத்து, பதினோராவது மாதத்து ஈத்து எல்லாம் கணினியிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் அனுப்ப வேண்டிய அவசியம் குறையும்.

நான்கு, பதிவு எண் இல்லாத விளம்பரத்தை எந்தத் தளமும் ஏற்கக் கூடாது. ரூ.100 அபராதத்தை மாற்றும் பொறுப்பு நாடாளுமன்றத்துக்கு. அதைக் கேட்கும் பொறுப்பு நம் எம்.பி.க்களுக்கு.

வாங்கும் முன் கேளுங்கள்

• பதிவுச் சான்றிதழைக் காட்ட முடியுமா? எண் என்ன, எதுவரை செல்லும்?
• குட்டி எந்தத் தேதியில் பிறந்தது? 56 நாள் ஆகிவிட்டதா?
• தாய்க்கு எத்தனை வயது? இது எத்தனையாவது ஈத்து?
• குட்டிக்கு மைக்ரோசிப் இருக்கிறதா? எண் தடுப்பூசி அட்டையில் எழுதப்பட்டிருக்கிறதா?
• நேரில் வந்து தாயையும் குட்டிகளையும் ஒன்றாகப் பார்க்கலாமா?

யார் கையில் இருக்கிறது?

பதிவு என்றதும் நல்ல பிரீடர்கள் பயப்படத் தேவையில்லை. பதிவேடு வைத்திருப்பதும், தாயை ஓய்வெடுக்க விடுவதும், வருகிறவரை வீட்டுக்குள் கூப்பிட்டுக் காட்டுவதும் அவர்கள் ஏற்கெனவே செய்துவருபவைதான். அந்த உழைப்புக்கு அரசு ஒரு முத்திரை கொடுத்தால், அரைகுறை விலைக்குக் குட்டி தள்ளுகிறவரோடு அவர்கள் போட்டி போட வேண்டியிருக்காது. கெனல் கிளப்புகளும் பிரீடர் குழுக்களும் முன்வந்து இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கும் பங்கு உண்டு. மேலே சொன்ன ஐந்து கேள்விகளில் கடைசிக் கேள்விக்கு “அதெல்லாம் முடியாது, குட்டியை மட்டும் கொண்டுவந்து தருகிறேன்” என்று பதில் வந்தால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள். பாவமே என்று அந்த ஒரு குட்டியைக் காப்பாற்ற நினைத்து நாம் கொடுக்கும் பணம், அந்தத் தாயை அடுத்த ஹீட்டிலும் கூண்டுக்குள் தள்ளும். விதி 2017-லிருந்து இருக்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர அதிகாரிகளைக் கேட்போம். அதுவரை, தாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்க மாட்டோம் என்று நாம் இன்றே முடிவெடுக்கலாம்.